முழுசா செத்தப்புறம் வாங்க

அத்தியாயம் 4

"அவருக்குள்ள ஒரு அலாரம் அடிக்கும் சார். தினமும் காலையில பத்து மணி அஞ்சு நிமிஷத்துக்கு."

இதயக் கருவிப் பிரிவின் டெக்னீஷியன் இதைச் சொன்னதும் துப்பறியும் நிபுணர் மெல்லத் தலையை ஆட்டினார். எதைக் கேட்டாலும் நேற்றே தெரியும் என்பது போலத்தான் ஆட்டுவார். 'சர்வதேசத் துப்பறியும் நிபுணர்' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தார். ஒரு தடவை விமான நிலைய வாசல் வரை போய் யாரையோ வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறார். சர்வதேசம் அவ்வளவுதான்.

நிபுணருக்குப் பின்னால் நின்ற உதவியாளருக்கு விசிட்டிங் கார்டு கிடையாது. 'மீட்டர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். நிபுணரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். "இந்த மனுஷன் எங்கேயாவது போய் அடி வாங்கிட்டு வருவார். நீ கூடவே போண்ணே" என்று தங்கை அனுப்பி வைத்திருந்தாள். துப்பறியச் சொல்லி வரும் கட்சிக்காரர்கள் முன்னால் 'மாப்ளே' என்று கூப்பிடக் கூடாது, 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மீட்டர் அதைப் பாதி நாள் காப்பாற்றுவார்.

"அலாரம்னா, கடிகாரத்தை முழுங்கிட்டாரா?" என்றார் மீட்டர்.

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த ஒரு மாதிரிக் கருவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வழவழவென்று இருந்தது.

"டிஃபிப்ரிலேட்டர். தோள்பட்டைக்குக் கீழ, தோலுக்கு அடியில வச்சிருப்போம். ஒயர் இதயத்துக்குள்ள போகும். இதயம் தாளம் தப்பித் தறிகெட்டு ஓடுச்சுன்னா இதுவே ஒரு ஷாக் அடிச்சு வழிக்குக் கொண்டுவந்துடும். பேட்டரி இறங்க ஆரம்பிச்சா தினமும் ஒரு தடவை சத்தம் குடுக்கும். அதுலேருந்து மூணு மாசத்துக்குள்ள மாத்திடணும். இவருக்கு மூணு மாசம் போன வாரமே முடிஞ்சுபோச்சு."

"பேட்டரியை மட்டும் கழட்டி மாத்த முடியாதா?"

"முடியாது. எல்லாம் ஒரே சீல். ஒயரை விட்டுட்டுப் பெட்டியையே மாத்தணும். ஒரு மணி நேர வேலை. திங்கக்கிழமை காலையில தேதி குடுத்திருந்தோம். ஆளைக் காணோம். இன்னிக்கு வியாழன்."

"அப்ப இப்ப ஓடுறது?"

"ஏதோ புண்ணியத்துல ஓடுது."

ஜன்னலோர நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மாள் இப்போதுதான் வாயைத் திறந்தார். காணாமல் போனவரின் மனைவி. காணாமல் போனவர் சாதாரண ஆள் இல்லை. பேட்டரி, இன்வெர்ட்டர், யூபிஎஸ் விற்கும் பெரிய கடையின் முதலாளி. 'மின்கல வேந்தர்' என்று பட்டம். பட்டம் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர், அவரே பொருளாளர், உறுப்பினர் தேவைப்பட்டால் அதுவும் அவரே.

"போன வருஷம் ரெண்டு தடவை அடிச்சுது" என்றார் வேந்தரின் மனைவி. "ஒரு தடவை மாடிப்படியில. ஒரு தடவை என் தங்கச்சி வீட்ல சாப்பிட உக்காந்தப்ப. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். எட்டு எண்ணுறதுக்குள்ள அடிச்சுது. ரெண்டு தடவையும் போயிட்டு வந்துட்டார்."

பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு வந்த மாதிரிதான் சொன்னார். ஆனால் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மீட்டர் அதைக் கவனித்தார்.

"திங்கக்கிழமை விடிஞ்சதும் பாத்தா ஆள் இல்ல. தலகாணி மேல இதுதான் இருந்துச்சு."

அச்சடித்த மஞ்சள் சீட்டு. கோடிட்ட இடங்களைப் பேனாவால் நிரப்பியிருந்தது. கீழே முத்திரை. நிபுணர் அதை ஓரத்தில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டி, கனத்த குரலில் படித்தார்.

"பொருள், நெஞ்சு. நிலை, இன்னும் முழுமையாகச் சாகவில்லை. மாற்றித் தர இயலாது." அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "கடத்தல்! ஆள் உயிரோட இருக்கார்னு கடத்தினவங்க தகவல் அனுப்பியிருக்காங்க. பேரத்துக்கு இடமில்லைங்கிறாங்க."

"சார்," என்றார் மீட்டர், "இது கடத்தல் கடுதாசி இல்ல. அவர் கடைச் சீட்டு. பேட்டரி போச்சுன்னு மாத்தப் போனா இதைத்தான் கிழிச்சுக் குடுப்பாங்க. என் வீட்லயே மூணு இருக்கு."

"மூணு தடவை கடத்தியிருக்காங்களா?"

"என்னைக் கடத்தி என்ன மாப்ளே பண்ணப் போறாங்க? இன்வெர்ட்டருக்குப் பேட்டரி மாத்தப் போனேன். முழுசா செத்தப்புறம் வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

நிபுணர் சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்படியும் ஒரு கோணம் இருக்கு" என்றார்.

மீட்டர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "அந்த பத்து அஞ்சுங்கிறது ஆஸ்பத்திரிக் கணக்காம்மா?"

"இல்ல. வழக்கமா நாங்க காலையில எட்டு மணி வைப்போம், வீட்ல இருக்கிறவங்க காதுலயும் விழட்டும்னு. இவர்தான் பத்து அஞ்சு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனார்."

"எனக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னே தெரியாது" என்றார் மனைவி. "பத்து மணிக்கு அவர் கடையில இருப்பார். மூணு மாசமா அடிச்சிருக்கு, ஒரு வார்த்தை சொல்லல. இங்கேருந்து போன் வந்துதான் எனக்கே தெரியும்."

"ஆம்புலன்ஸ் மாதிரி ஏறி இறங்கும்மா. கால் நிமிஷம். அவ்வளவுதான்." டெக்னீஷியன் மணியைப் பார்த்தாள். எட்டு ஐம்பது. "இன்னொரு விஷயம். அவரைக் கண்டுபிடிச்சீங்கன்னா இன்வெர்ட்டர், மோட்டார் பக்கத்துல நிக்க விடாதீங்க. ஒரு கை தூரமாவது தள்ளி இருக்கணும். நாலு தடவை சொல்லி அனுப்பியிருக்கேன்."

"ஏன் நாலு தடவை?"

"தொழில் அதுதானே. மூணாவது தடவை சொன்னப்ப, எனக்கே பாடம் எடுக்கிறியான்னு கேட்டார்."

நிபுணரின் கார் ஆஸ்பத்திரி வாசலில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருகினால் தொண்டையைக் கனைத்தது, அதற்கு மேல் பேசவில்லை. வேந்தரின் கடைப் பேட்டரி. அதற்கும் ஒரு மஞ்சள் சீட்டு காரின் டப்பாவுக்குள் கிடந்தது. நிபுணர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார், மீட்டர் பின்னால் போய்த் தோள் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் வேந்தரின் மனைவியும் கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கும்மா? விடுங்க."

"எங்க கடைப் பேட்டரிதானே. யாரு தள்ளுவா?" என்றார் அந்த அம்மாள், மூச்சு வாங்க.

கடை வாசலில் போர்டு இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. அதில் வேந்தர் ஒரு கையில் மின்னலையும் இன்னொரு கையில் பேட்டரியையும் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மின்னல் நிஜத்தைவிடப் பெரிசு, மீசையும் அப்படியே. 'எங்கள் பேட்டரி சாகாது! செத்தால் மாற்றித் தருவோம்!' என்று எழுதியிருந்தது. முதல் வரி நம்பிக்கை, இரண்டாவது வரி நிபந்தனை.

சர்வீஸ் கவுன்டருக்கு முன்னால் ஒன்பது பேர் பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கவுன்டருக்குள் ஒல்லியாக ஒருவர். கழுத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் தொங்கின. இருபத்தைந்து வருஷமாக அங்கேயே வேலை. 'டெஸ்டர்' என்றால்தான் தெரு முழுக்கத் தெரியும்.

டெஸ்டர் முன்னால் வந்த பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒயரை வைத்தார், காதைக் கிட்டே கொண்டு போனார், முள்ளைப் பார்த்தார்.

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு வோல்ட். உயிர் இருக்கு. முழுசா செத்தப்புறம் வாங்க."

"செத்ததாலதானேங்க தூக்கிட்டு வந்தேன்" என்றார் பேட்டரியின் சொந்தக்காரர்.

"செத்திருந்தா பத்தரை வோல்ட்டுக்குக் கீழ காட்டும். இது தூங்குது. அடுத்தவர்!"

வேந்தரின் மனைவி வரிசையைத் தாண்டிப் போய்க் கவுன்டர் முன்னால் நின்றார். டெஸ்டர் அடுத்த பேட்டரியில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றி வைத்தார்.

"தம்பி, உங்க முதலாளி எங்க?"

"திங்கக்கிழமையிலேருந்து வரலக்கா."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

டெஸ்டர் வோல்ட் மீட்டரைப் பார்த்தார். முள்ளைப் பார்த்துப் பொய் சொன்னதில்லை அவர். மனுஷக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லவும் பழக்கமில்லை. ஆகவே முள்ளையே பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "குடோன்லயும் இல்லக்கா" என்றார்.

நிபுணர் முன்னால் வந்தார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க? எந்தக் கையால சாப்பிட்டீங்க? சுருக்கமா சொல்லுங்க."

இது கால் மணி நேரம் ஓடும் என்று மீட்டருக்கு அனுபவத்தில் தெரியும். நைஸாக வெளியே நழுவினார்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் முழுக்க வேந்தரின் குடோன், நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. எதிர்ப் பக்கம் ஒரு தையல் கடை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மீட்டரின் கண் முதலில் மின்சாரப் பலகையைத்தான் தேடும். குடோனின் பக்கச் சுவரில் அது இருந்தது. கிட்டே போய்க் குனிந்தார்.

"கரண்ட் ஆபீஸா?" என்று எதிர்க் கடையிலிருந்து குரல் வந்தது. தையல்கார அம்மாள், வாயில் இரண்டு குண்டூசியோடு. "நல்லவேளை வந்தீங்க. அந்தக் குடோனுக்கு என்ன வியாதின்னு கொஞ்சம் பாருங்க. திங்கக்கிழமையிலேருந்து தினமும் பத்து மணிக்கு மேல ஒரு ஒப்பாரி வைக்குது. நூறு பூனையை ஒரே நேரத்துல மிதிச்ச மாதிரி. ஒரு நிமிஷம். அப்புறம் கப்சிப்."

"கரண்ட் போனா உள்ள சார்ஜ்ல போட்டிருக்கிற யூபிஎஸ் எல்லாம் கத்தும்மா."

"கரண்ட் எங்க போச்சு? என் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு! பக்கத்துக் கடை ஃபேனும் சுத்துச்சு."

மீட்டர் பலகையை மறுபடி பார்த்தார். ஃப்யூஸ் பெட்டி மேல் விரல் கனத்துக்குத் தூசி. மீட்டர் கண்ணாடி மேல் தூசி. மெயின் சுவிட்ச் பெட்டியின் மண்டை மேலும் தூசி. அதன் கைப்பிடி மட்டும் பளபளவென்று இருந்தது.

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் மெயின் சுவிட்ச் கைப்பிடியைத் துடைத்து வைக்கிற மனுஷனை அவர் பார்த்ததே இல்லை. துடைக்கவில்லை. தினமும் யாரோ இழுக்கிறார்கள்.

ஓடிப்போய் நிபுணரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். மனைவியும் பின்னாலேயே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிபுணரின் மூக்கு விடைத்தது.

"சங்கேதம்! நூறு கருவி ஒரே நேரத்துல கத்துதுன்னா அது வெளிநாட்டுக்குப் போற செய்தி."

"மாப்ளே, அதெல்லாம் இருக்கட்டும். உனக்குள்ள ஒரு சத்தம் வருது. வெளிய கேட்டா மாட்டிக்குவ. என்ன செய்வ?"

"சத்தம் போடாம இருப்பேன்."

"உன்னால நிறுத்த முடியாது. தானா வருது. தினமும் அதே நேரத்துக்கு."

"டாக்டர்கிட்ட போவேன்."

"அறிவு இருந்தா போவ. இல்லாதவன் என்ன செய்வான்?"

நிபுணருக்கு முன்னால் வேந்தரின் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "அதைவிடப் பெரிசா நூறு சத்தம் போடுவான்" என்றார். போர்டு இருந்த திசையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கல்யாணம் ஆனதுலேருந்தே அப்படித்தான்."

பத்து மணி மூன்று நிமிஷம். கடைப் பக்கமிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் தையல் கடைக்குள் ஒதுங்கினார்கள். டெஸ்டர் சந்துக்குள் வந்தார். இடமும் வலமும் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மெயின் சுவிட்ச் மேல் வைத்தார். ராக்கெட் விடப் போகிறவர் மாதிரி நின்றார்.

"பாய்ஞ்சு பிடிக்கிறேன்" என்றார் நிபுணர்.

"நீ சும்மா இரு" என்றார் மீட்டர். நாலு எட்டில் சந்தைக் கடந்தார். டெஸ்டர் கைப்பிடியை இழுக்கப் போன அதே நொடியில் அவர் கை மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"விடுங்க! ஐயோ, விடுங்க! நேரமாச்சு!"

"அதுக்குத்தான் விடல."

ஒப்பாரி வரவில்லை. சந்து அமைதியாக இருந்தது. தையல் மெஷினும் நின்றுவிட்டது. அந்த அமைதிக்குள், குடோன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, மெல்லிசாக ஒரு சத்தம் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. பொம்மை ஆம்புலன்ஸ் ஒன்று போர்வைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி.

வேந்தரின் மனைவி சுவரில் கையை வைத்தார். "இதுவா?" என்றார். "இவ்வளவு சின்னச் சத்தமா?"

டெஸ்டர் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். சாவிக்கொத்தை அவரே எடுத்து நீட்டினார்.

கதவைத் திறந்து உள்ளே போவதற்குள் கால் நிமிஷம் முடிந்து சத்தம் நின்றுவிட்டது. குடோன் கூரை வரைக்கும் அட்டைப் பெட்டி. நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குத்தான் வழி. நிபுணர் டார்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார். எங்கேயோ ஒரு பீப் கேட்டது. "பிடிச்சுட்டேன்!" என்று அலறினார். போய்ப் பார்த்தால், அட்டையைப் பிரித்து வைத்திருந்த, ரிப்பேருக்கு வந்த ஒரு நோயாளி யூபிஎஸ்ஸை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். அது அவர் அணைப்பிலேயே இன்னொரு தடவை பீப் என்றது.

"வாக்குமூலம் வாங்கிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு மீட்டர் மேலே நடந்தார்.

மூச்சு விட இடமில்லாத குடோன். ஆனால் வடக்கு மூலைக்கு வந்ததும் அவர் கால் நின்றது. அங்கே ஒரு வெறும் அட்டை மதில். காலி டப்பாக்கள். அதைச் சுற்றிச் சரக்கு எதுவும் இல்லை. தரையில் கனமான பெட்டிகளை இழுத்த தடம் புதிதாகத் தெரிந்தது. எல்லா இன்வெர்ட்டரையும் ஒரே அளவுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மீட்டர் கையை நீட்டி அளந்து பார்த்தார். சரியாக ஒரு கை தூரம்.

காலி டப்பாவை விலக்கினார்.

உள்ளே ஒரு மடக்குக் கட்டில். நாலு நாள் பேப்பர். பனியனும் பேன்ட்டுமாக மின்கல வேந்தர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். போர்டில் இருந்ததைவிடப் பாதி சைஸ், மீசை மட்டும் முக்கால்.

"சர்வீஸ் கவுன்டர் முன்பக்கம்" என்றார் வேந்தர், தலை நிமிராமல்.

"நான் சர்வீஸுக்கு வரல" என்றார் மனைவி.

வேந்தர் நிமிர்ந்தார். காலைக் கீழே போட்டார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு நொடி ராஜ்ஜியம் ஆட்டம் கண்டது. அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு, கேட்டுக்குங்க. நாப்பது வருஷமா இந்த ஜனங்களுக்கு நான் என்ன சொல்லியிருக்கேன்? முழுசா செத்தப்புறம் வாங்கன்னு சொல்லியிருக்கேன். மந்திரி வீட்டுக் காருக்கும் அதேதான், சம்பந்தி வீட்டுக்கும் அதேதான். இன்னிக்கு என் நெஞ்சுல இருக்கிற பேட்டரியைச் சாகறதுக்கு முன்னாடியே மாத்தினேன்னு வச்சுக்க, நாளைக்கு அந்த வரிசையில நிக்கிறவன் என்னைப் பாத்து என்ன கேப்பான்?"

"உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பான்" என்றார் மீட்டர்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சொல்லுது, 'இப்பவே மாத்திட்டா நல்லது சார், அப்புறம் கஷ்டம் சார்'னு. இது யாரு பேச்சு தெரியுமா? சரக்கு தள்ளுறவன் பேச்சு! சேல்ஸ் பசங்களுக்கு அந்த வசனத்தை எழுதிக் குடுத்தவனே நான். என்கிட்டயேவா?"

"முதலாளி சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார் டெஸ்டர், அட்டை மதிலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அறுபத்தாறு வயசுல நான் ஏமாளின்னு பேர் வாங்க மாட்டேன். இது சாகட்டும். செத்துச்சுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம்..." வேந்தர் எழுந்து நின்றார். மேடையில் செய்கிற மாதிரி ஒரு விரலை உயர்த்தினார். "அடுத்த நிமிஷம் நானே நேரா நடந்து போயி..."

விரல் அப்படியே நின்றது. முகத்திலிருந்து யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கி, கட்டில் மேல் சரிந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. நிபுணர் யூபிஎஸ்ஸோடு வந்து நின்றவர் அதைக் கீழே வைக்கவும் மறந்தார். மீட்டர் ஏற்கனவே போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். வேந்தரின் மனைவி புருஷனை மல்லாக்கப் புரட்டிப் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டு, எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

எட்டு வந்தது. எட்டு போனது.

"பத்து. பதினொண்ணு."

மீட்டர் தன் வாழ்நாளில் எத்தனையோ எண்களை வாசித்திருக்கிறார். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பதினெட்டு. பத்தொன்பது. இருபதில் அந்த அம்மாள் இரண்டு கையையும் கோத்து வேந்தரின் நெஞ்சு நடுவில் வைத்தார். இருபத்திரண்டு.

இருபத்து மூன்றில் வேந்தரின் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. வலது கால் எகிறி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நிபுணரின் வயிற்றில் நச்சென்று இறங்கியது. நிபுணர் யூபிஎஸ்ஸோடு அட்டை மதிலுக்குள் போனார்.

வேந்தர் மூச்சை இழுத்தார். இமை துடித்துத் திறந்தது. கூரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெற்றிச் சிரிப்பு பரவியது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? வேலை செய்யுது! நான் என்ன சொன்னேன்? இன்னும் சாகல!"

"பத்தரை வோல்ட்டுக்கு மேலதான் இருக்கும் முதலாளி!" என்றார் டெஸ்டர், அழுதுகொண்டே.

"இதைப் போயி மாத்தச் சொல்றாங்க! கல்லு மாதிரி இருக்கு!"

மீட்டருக்கு அந்த நிமிஷம் அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேந்தரை விட்டுவிட்டு டெஸ்டரைப் பார்த்தார். அந்த இடத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

"தம்பி, லிஃப்ட்டுக்கெல்லாம் பேட்டரி குடுக்கிறீங்களா? கரண்ட் போனா நடுவுல நிக்காம பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் விடுமே, அதுக்கு?"

"குடுக்கிறோமே. நாப்பது கட்டடம்."

"அதையும் முழுசா செத்தப்புறம்தான் மாத்துவீங்களா?"

"ஐயையோ, அது எப்படிங்க? உள்ள ஆள் இருப்பாங்களே! அதை மூணு மாசம் முன்னாடியே போய் மாத்திடுவோம். அவங்க கூப்பிடவே வேண்டாம். நல்லா இருந்தாலும் மாத்திடுவோம். முதலாளி போட்ட ரூல்."

குடோனில் ஒரு யூபிஎஸ் மெல்லப் பீப் என்றது.

வேந்தரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் ஆள் இல்லை. "அது லிஃப்ட்" என்றார்.

"ஆமா. அங்க பேட்டரி பக்கத்துல ஆள் நிக்கிறான். இங்க ஆளுக்குள்ளயே பேட்டரி நிக்குது. எது அவசரம்னு நீங்களே சொல்லுங்க. ரூல் போட்டவர் நீங்கதான்."

வேந்தர் வாயைத் திறந்தார். "ரிஜிஸ்டரைப் பாக்கணும்..." என்று இழுத்தார்.

மனைவி இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"போன வருஷம் நான் எட்டு எண்ணினேன். இன்னிக்கு இருபத்தி மூணு. அடுத்த தடவை எவ்வளவு எண்ணணும்னு எனக்குத் தெரியல. நீங்க முழுசா செத்தப்புறம் உங்களை எந்தக் கடையில குடுத்து மாத்திக்கிட்டு வரட்டும்? அதைச் சொல்லுங்க."

வேந்தர் கட்டிலைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு டெஸ்டரிடம், "என் சட்டையை எடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் வேந்தரின் நெஞ்சு மேல் ஒரு சாதனத்தைப் பிடித்து, திரையில் ஓடியதை வாசித்தாள். "பத்து இருபத்தி ரெண்டுக்கு ஒரு ஷாக். தாளம் தப்பினதுலேருந்து அடிக்கிறதுக்கு..." நிறுத்தினாள். "இருபத்தி மூணு செகண்ட்."

"எண்ணினேன்" என்றார் மனைவி.

"அவ்வளவு நேரம் முக்கி முக்கிச் சார்ஜ் ஏத்தியிருக்கு. அடுத்தது வந்திருந்தா, நீங்க எண்ணிக்கிட்டேதாம்மா இருந்திருப்பீங்க."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த வேந்தர் இதைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மீட்டருக்குத் தெரிந்து அந்த மனுஷன் ஒரு எண்ணிக்கையை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

வராந்தா பெஞ்சில் நிபுணர் வயிற்றில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். 'குற்றவாளி என்னைத் தாக்கினான். நான் பின்வாங்கவில்லை.' மீட்டர் எட்டிப் பார்த்தார். "பின்னாடி அட்டை டப்பா இருந்துச்சு மாப்ளே, எங்க வாங்குவ?" என்றார்.

ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. டெக்னீஷியன் கையில் படிவத்தோடு, வெளியே காத்திருந்த வேந்தரின் ஸ்ட்ரெச்சர் பக்கம் வந்தாள்.

"புதுசு ஏழெட்டு வருஷம் வரும். அப்ப அலாரம் எத்தனை மணிக்கு அடிக்கணும் சார்? இப்பவே எழுதிக்கிறேன்."

வேந்தர் கண்ணைத் திறந்தார். பழக்கம் விடவில்லை. "பத்து..."

"அவரைக் கேக்காதம்மா," என்றார் மனைவி, "என்னைக் கேளு. காலையில அஞ்சரை. அப்ப என் பக்கத்துலதான் படுத்திருப்பார். எழுந்து ஓடணும்னாலும் முதல்ல கண்ணாடியைத் தேடணும், அப்புறம் பல் செட்டைத் தேடணும். அதுக்குள்ள நான் பிடிச்சுடுவேன்."

டெக்னீஷியன் 'அஞ்சரை' என்று எழுதிக்கொண்டாள். வேந்தர் மனைவியைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் நகரத் தொடங்கியதும் ஒரு கையை நீட்டினார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் கூடவே நடந்தார்.